காரியவட்டத்தில் இறங்குவோரும் டெக்னோபார்க்கில் இறங்குவோரும்

கிழக்கேகோட்டையில் காலை எட்டரை மணிக்குக் கழக்கூட்டம் போகும் பேருந்தில் ஏறுவோரிடையே இரு கூட்டத்தார் உண்டு. பாளையம், பட்டம், உள்ளூர், ஸ்ரீகாரியம் எல்லாம் கடந்தபின் ஒரு கூட்டம் காரியவட்டத்தில் இறங்கிவிடுகிறது. கேரளப் பல்கலைக்கழகத்தின் மொழியியல் துறையும் தமிழ்த் துறையும் ஓலைச்சுவடி நூலகமும் அந்த வளாகத்தில்தான் இருக்கின்றன. மற்றக் கூட்டம் அடுத்த சில நிமிடங்களில் டெக்னோபார்க் வாயிலில் இறங்குகிறது. முன்னவர் மொழியை ஆராய்கிறவர். பின்னவர் கணினிகளை ஓட்டுகிறவர், அல்லது அந்த வேலைக்காகப் பயிற்சி நிலையத்தில் பணம் கட்டிப் படிக்கிறவர். அத்தனை தூரம் தோளோடு தோள் உரசிப் பயணம் செய்தும், ஒருவர் தொழிலில் மற்றவர்க்கு வேலை இல்லை என்பதே இரு சாராரின் துணிபு.

இத்துணிபால் பின்னவர்க்குப் பெரிய இழப்பில்லை. முன்னவர்க்கு அது தலைபோகிற விஷயம். ஒரு சர்வரை உயிரோடு வைத்திருப்பதற்கான அடிப்படை வேலைகளும், கோப்புகளின் திருத்த வரலாற்றைக் காக்கும் பதிப்புக் கட்டுப்பாடும், மொழித்தரவைக் கையாளும் எவர்க்கும் எழுத்தறிவின் பகுதி. ‘அதெல்லாம் டெக்னிக்கல் ஆள் பார்த்துக்கொள்வார்’ என்று ஒதுங்கும் ஆய்வாளர், தம் தரவுக்குத் தாம் பொறுப்பில்லை என்று கையெழுத்திட்டுக் கொடுத்தவராகிறார்.

சாலைக் கடைத்தெருவில் தலைமுறைகளாக வணிகம் செய்துவரும் தமிழ்க் குடும்பங்களின் பேச்சை ஒலிப்பதிவு செய்யும் ஆய்வாளர் ஒருவரை எண்ணிக்கொள்வோம். நாற்பது மணி நேர ஒலிப்பதிவு; அதன் எழுத்துப்பெயர்ப்பு வேர்டில்; சொற்பட்டியல் எக்செலில்; எல்லாம் ஒரு மடிக்கணினியில், ஒரு பென்டிரைவில், தமக்குத் தாமே அனுப்பிக்கொண்ட சில மின்னஞ்சல்களில். நெறியாளர் திருத்தம் சொல்லச் சொல்லக் கோப்பின் பெயர் நீண்டுகொண்டே போகிறது: இறுதி, இறுதி இரண்டு, இறுதி திருத்தியது, இதுவே இறுதி. மூன்றாண்டு கழித்து வாய்மொழித் தேர்வில் ஒருவர், நான்காம் அட்டவணையில் உள்ள எண்ணிக்கை எந்த எழுத்துப்பெயர்ப்பிலிருந்து எடுக்கப்பட்டது என்று கேட்டால் விடை இல்லை. மடிக்கணினி கெட்டுப்போயிருந்தால் கேள்விக்கும் இடமில்லை. பதிவில் பேசிய மூதாட்டி அதற்குள் மறைந்திருப்பார். அவர் பேசிய வழக்கைப் பேசுவோர் வீட்டில் வேறொருவரும் இருக்கமாட்டார். ஆய்வுக்கூடத்துச் சோதனை என்றால் மறுபடி செய்து பார்க்கலாம். இதற்கு மறுபடி இல்லை.

தனியாள் கதை இதுவென்றால், நிதிநல்கை பெற்ற திட்டங்களின் கதை இன்னும் அலங்காரமானது. மின்னகராதி என்றோ தரவகம் என்றோ ஓர் இணையதளம் எழும்பும். குத்துவிளக்கு ஏற்றப்படும். ஒப்பந்தத்தில் அமர்த்திய நிரலாளர் எல்லாவற்றையும் அமைத்துவிட்டு, திட்டக்காலம் முடிந்ததும் வேறு வேலைக்குப் போவார். கடவுச்சொல்லும் அவரோடு போகும். பின் ஒரு நாள் வன்தட்டு பதிவுக்கோப்புகளால் நிரம்பி, தரவுத்தளம் எழுத இடமின்றி நிற்கும். பாதுகாப்புச் சான்றிதழ் காலாவதியாகி, இந்தத் தளம் ஆபத்தானது என்று உலாவி எச்சரிக்கும். கடைசியாகத் தளத்தின் முகவரியைப் புதுப்பிக்கும் சிறு தொகையைக் கட்ட யாருக்கு அதிகாரம் என்று தெரியாமல் அதுவும் கைவிட்டுப் போகும். அந்தத் தளத்தை மேற்கோள் காட்டிய ஆய்வேடுகளின் அடிக்குறிப்புகள் மட்டும் நூலக அலமாரிகளில் பத்திரமாக இருக்கும்.

இதற்கெல்லாம் பணமின்மையைக் காரணம் காட்டுவது வழக்கம். பணம் ஒரு காரணம்தான். ஆயினும் வேரில் இருப்பது வேறு: பேணும் வேலையின்மீது படித்தவர்க்குள்ள இளக்காரம். ஏட்டைப் படிப்பவர் ஒரு சாதி, ஏட்டைத் துடைத்து எண்ணெய் பூசுகிறவர் வேறு சாதி என்ற பழைய பிரிவினை கணினி அறைக்குள்ளும் அப்படியே நுழைந்திருக்கிறது. கிழக்கேகோட்டையில் பத்மதீர்த்தத்துக்கு எதிரே மேத்தன் மணி இருக்கிறது. மணிக்கொருமுறை இரண்டு ஆட்டுக்கடாக்கள் தாடிக்காரனின் கன்னத்தில் முட்டுவதைக் காட்டிக் குழந்தைகளுக்குக் கதை சொல்லாத திருவனந்தபுரத்துக்காரர் குறைவு. அதை நிறுவிய அரசரை ஊர் பேசும். அதற்குச் சாவி கொடுத்து ஓடவைத்தவர்களின் பெயரை யாரும் கேட்டதில்லை. கோட்டைக்கோயிலின் மதிலகம் ஓலைகள் சுருணை சுருணையாக இன்றுவரை எஞ்சி, மாநில ஆவணக் காப்பகத்தின் பொறுப்பில் இருப்பதும் அத்தகைய பெயரற்ற கைகளால்தான். ஓலை தானாக நூற்றாண்டுகளைத் தாண்டுவதில்லை. புல்லெண்ணெய் பூச வேண்டும், பூச்சி பார்க்க வேண்டும், நொறுங்கும் முன் வேறோலையில் பெயர்த்தெழுத வேண்டும். கரிவலம்வந்தநல்லூரில் ஏடு தேடிப்போன உ. வே. சாமிநாதையருக்குக் கிடைத்த விடை, பழுதுபட்ட ஏடுகளை ஆகமப்படி நெய்யில் தோய்த்து ஆகுதி செய்தாயிற்று என்பது. இன்றைய துறைகளில் ஆகுதிக்கு நெய்கூடத் தேவையில்லை. பழைய கணினிகளைக் கழிவாக ஏலம் விட்டால் போதும்.

கழக்கூட்டத்துப் பயணிகள் படிக்கும் டெவ்ஆப்ஸ் என்ற சொல்லின் பிறப்பு இங்கே நினைக்கத் தக்கது. 2009 அக்டோபரில் பெல்ஜியத்தின் கெண்ட் நகரில் பாட்ரிக் டெபுவா என்பவர் கூட்டிய மாநாட்டின் பெயரிலிருந்து பரவிய சொல் அது. நிரல் எழுதுவோர் ஒருபுறம், அதைச் சர்வரில் ஓட்டுவோர் மறுபுறம், நடுவே ஒரு மதில். எழுதியவர் மதிலுக்கு அப்பால் எறிந்துவிட்டுப் போவார், ஓட்டுகிறவர் நள்ளிரவில் மாரடிப்பார். அந்த மதிலை இடிப்பதே டெவ்ஆப்ஸின் தொடக்க நோக்கம். ஆக்கியவரே அதை உயிரோடு வைத்திருக்கும் பொறுப்பிலும் பங்கேற்க வேண்டும் என்பதற்குமேல் அதில் மந்திரம் ஒன்றுமில்லை. ஆய்வாளர்க்கும் அவர் தரவகத்தைக் காக்கும் ஒப்பந்தப் பணியாளர்க்கும் நடுவே நிற்பதும் அதே மதில்தான்.

(பயிற்சி நிலையங்கள் இந்த நோக்கத்தை என்ன செய்துவிட்டன என்பது தனிக்கதை. மூன்று மாதத்தில் டாக்கர், குபர்நெட்டிஸ், ஜென்கின்ஸ், டெராஃபார்ம் என்று பெயர்ப்பட்டியலைப் பலகையில் எழுதுகிறார்கள். நிரம்பிய வன்தட்டை ஒருமுறைகூட நேரில் பாராத மாணவர் நூறு சர்வர்களைக் கோக்கும் கருவிக்குச் சான்றிதழ் வாங்கிவிடுகிறார். எழுத்ததிகாரம் தொடாமல் பொருளதிகாரத்துக்குத் தாவிய கதை.)

அடிப்படையைத் தாண்டிக் கருவிகளை நம்பினால் என்ன ஆகும் என்பதற்குப் பொதுவெளியில் பதிவான இரண்டு நிகழ்ச்சிகள் போதும். 2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் நிறுவனத்தின் பொறியாளர் ஒருவர் துணைத் தரவுத்தள சர்வரில் ஒரு கோப்புறையை அழிக்க எண்ணி, முதன்மைச் சர்வரில் அழித்துவிட்டார். ஓரிரு நொடியில் உணர்ந்து நிறுத்தினார். அதற்குள் ஏறத்தாழ 300 ஜிகாபைட்டில் நாலரை ஜிகாபைட் மட்டுமே மிஞ்சியது. காப்புநகலுக்கும் படியெடுப்புக்கும் ஐந்து ஏற்பாடுகள் இருந்தன. எதுவும் நம்பும்படி வேலை செய்யவில்லை. நாள்தோறும் நகலெடுக்க வேண்டிய நிரல், தரவுத்தளத்தின் பதிப்போடு பொருந்தாமல் பல நாளாகத் தோற்றுக்கொண்டிருந்தது. தோல்வியை அறிவிக்கும் மின்னஞ்சல்களோ, முறையான கையொப்பம் இல்லாததால் வழியிலேயே தள்ளப்பட்டன. வேறொரு தேவைக்காக ஆறு மணி நேரம் முன்பு கையால் எடுத்துவைத்த ஒரு நகல்தான் மானத்தைக் காத்தது. உலகெங்கும் பதிப்புக் கட்டுப்பாட்டை விற்கிற நிறுவனத்தின் நிலை இது. அந்நிறுவனம் எதையும் மறைக்கவில்லை, மீட்பு வேலையை நேரலையில் காட்டியது, பிழைகளை வரிசையாக எழுதி வெளியிட்டது என்பதையும் சொல்ல வேண்டும்.

இரண்டாவது, ஆய்வாளர்களுக்கு இன்னும் அருகில் நடந்தது. 2021 டிசம்பரில் கியோட்டோ பல்கலைக்கழகத்து மீக்கணினியின் சேமிப்பகத்திலிருந்து சுமார் 77 டெராபைட் அழிந்தது. ஏறக்குறைய 3 கோடியே 40 லட்சம் கோப்புகள்; 14 ஆய்வுக்குழுக்கள். அவற்றுள் நான்கு குழுக்களின் தரவை மீட்க வழியே இல்லை. அழித்தது திருடனோ தீயோ இல்லை, காப்புநகல் எடுக்கும் நிரலேதான். பழைய பதிவுக்கோப்புகளை நீக்க வேண்டிய ஷெல் நிரல் ஓடிக்கொண்டிருக்கும்போதே அதன்மேல் புதிய நிரலை எழுதினார்கள். பாஷ் ஷெல் நிரலை முழுதும் படித்து வைத்துக்கொண்டு ஓடுவதில்லை, போகப்போகப் படிக்கும். பாதி வழியில் புதிய வரிகளைப் படித்தது. அவ்வரிகள் எதிர்பார்த்த மாறிக்கு மதிப்பு எதுவும் இல்லை. எனவே நீக்கும் கட்டளை பதிவுக்கோப்புகளை விட்டு ஆய்வுத்தரவின்மேல் பாய்ந்தது. ஷெல் எவ்வாறு படிக்கிறது, மதிப்பற்ற மாறியைக் கண்டால் நிற்கச் சொல்வது எப்படி என்பவை முதல் வாரப் பாடங்கள்.

இனிப் பதிப்புக் கட்டுப்பாடு. கிட்டை லைனஸ் டோர்வால்ட்ஸ் 2005 ஏப்ரலில் எழுதத் தொடங்கினார். லினக்ஸ் கருநிரலுக்கு அதுவரை இலவசமாகக் கிடைத்துவந்த வேறொரு கருவி கைவிட்டுப் போனதே காரணம். அதற்கு முன்னும் 1972இல் பெல் ஆய்வகத்திலிருந்து ஒரு மரபு ஓடிவருகிறது. பொறியாளர் வரலாறு இருக்கட்டும். தமிழ் படித்தவர் இதைக் கண்டு மலைப்பதுதான் வியப்பு. சீவக சிந்தாமணியை 1887இல் பதிப்பித்தபின்னும் உ. வே. சா. ஓய்ந்துவிடவில்லை, மேலும் ஏடுகளை ஒப்பிட்டுத் திருத்தி மறுபதிப்புகள் கொண்டுவந்தார். எந்த ஏட்டில் எந்தப் பாடம், எந்த மாற்றம் எங்கிருந்து புகுந்தது என்று கணக்கு வைப்பதே பதிப்பியலின் உயிர். கிட் செய்வதும் அதையே. ஒவ்வொரு திருத்தத்துக்கும் செய்தவர், நேரம், மாறிய வரி, காரணம் ஆகியவற்றைப் பதிகிறது. இரு கிளைகளாகப் பிரிந்த பிரதிகளைப் பொதுமூலத்தோடு ஒப்பிட்டு இணைக்கிறது. முரண்படும் இடத்தில் தானே முடிவெடுக்காமல் பதிப்பாசிரியரைக் கேட்கிறது. பாடபேதம் பற்றி ஒரு மணி நேரம் சொற்பொழிவாற்றத் தெரிந்த பேராசிரியருக்குத் தம் அகராதிக்கோப்பின் மார்ச்சு மாதப் பிரதிக்கும் ஜூலை மாதப் பிரதிக்கும் உள்ள பேதத்தைச் சொல்லத் தெரியாதிருப்பது எந்த வகைப் புலமை?

மொழியியலுக்குள்ளேயே இதைச் செய்து காட்டியவர்கள் இருக்கிறார்கள். யூனிவர்சல் டிபெண்டன்சீஸ் என்ற பன்னாட்டுத் தொடரியல் மரவங்கித் திட்டத்தில் ஒவ்வொரு மொழித்தொகுதியும் ஒரு கிட் களஞ்சியம். மாற்றம் வந்து சேரும்போதெல்லாம் ஒரு சரிபார்ப்பு நிரல் ஓடி, விதிமீறிய வாக்கியத்தைச் சுட்டுகிறது. ஆண்டுக்கு இருமுறை எண்ணிட்ட வெளியீடு வருகிறது. அதில் 600 வாக்கியங்கள் கொண்ட தமிழ் மரவங்கியும் உண்டு. அதை வைத்து ஆய்ந்தவர் எந்த வெளியீட்டை வைத்து ஆய்ந்தார் என்பதை ஓர் எண்ணால் சொல்லிவிடலாம். பத்தாண்டு கழித்து வருகிறவர் அதே வாக்கியங்களை எடுத்துச் சோதிக்கலாம். மலையாளத்தில் சுவதந்திர மலையாளம் கம்ப்யூட்டிங் குழுவினர் எழுத்துருக்களின் மூலங்களைத் திறந்த களஞ்சியங்களில் வைத்துப் பேணுகிறார்கள். சந்தோஷ் தோட்டிங்ஙல் ஆக்கிய மலையாள உருபனியல் பகுப்பாய்வியும் அவ்வாறே. கிழக்கேகோட்டையில் பேருந்தேறும் தமிழாய்வாளருக்கு இவை தூரதேசத்துச் செய்தியாக ஒலிக்கக் கூடாது. கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையின் இந்தியக் கிளை 2001இல் தொடங்கப்பட்டது இதே நகரில். கேரளப் பள்ளிப்பிள்ளைகள் லினக்ஸில்தான் கணினி கற்கிறார்கள். எட்டாம் வகுப்புக் குழந்தை தொட்டுப் பழகிய இயங்குதளத்தைக் கண்டு முனைவர் பட்ட ஆய்வாளர் அஞ்சுகிறார்.

மறுப்புகள் உடனே எழும். எல்லாம் கூகுள் டிரைவில் இருக்கிறதே என்பது முதலாவது. ஒத்திசைவு வேறு, காப்புநகல் வேறு. மடிக்கணினியில் தவறி அழித்தால் மேகத்திலும் அழியும். குப்பைத்தொட்டி சில நாள் தாங்கும், அவ்வளவுதான். கல்வி நிறுவனங்களுக்கு வரம்பின்றிக் கொடுத்துவந்த இடத்தையும் கூகுள் 2022இல் சுருக்கியது. நிறுவனம் முழுமைக்கும் 100 டெராபைட் என்று வரையறுத்தது. படித்து முடித்தவரின் கணக்கு எத்தனை நாள் நீடிக்கும் என்பது அதன்பின் நிறுவனத்தின் கருணை.

இரண்டாவது, ஆய்வாளருக்கு ஏது நேரம் என்பது. ஆய்வேட்டின் ஓரங்களை அங்குல அளவில் சரிசெய்யவும், மேற்கோள் குறிகளைப் பல்கலைக்கழக வாய்பாட்டுக்கு மாற்றவும் கிடைக்கும் நேரத்தில் பாதி போதும். மூன்றாவது, எல்லாம் ஆங்கிலத்தில் இருக்கிறது என்பது. இது ஓரளவு நேர்மையான மறுப்பு. கணியம் மின்னிதழ் 2012 முதல் எளிய தமிழில் லினக்ஸையும் கட்டற்ற மென்பொருளையும் எழுதிவருகிறது. அதைப் பல்கலைக்கழகத் தமிழ்த் துறைகள் ஒரு பொருட்டாகக் கருதாதது யார் குற்றம்? மேலும் இங்கே தமிழறிந்தவர் மட்டுமே தீர்க்கக்கூடிய சிக்கல்கள் இருக்கின்றன. ‘கொ’ என்ற எழுத்தின் ஒகரக்குறியை யூனிகோடில் ஒரே குறியீடாகவும் எழுதலாம், எகரக்குறியும் காலும் சேர்ந்த இரு குறியீடுகளாகவும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்று. கிட்டுக்கு அவை வேறு வேறு. ஒரு விசைப்பலகையிலிருந்து மற்றொன்றுக்கு மாறிய ஆய்வாளரின் கோப்பில் மாறாத சொற்கள்கூட மாறியதாகக் காட்டும். சொல்லெண்ணிக்கையும் பிழைபடும்: ‘கொடு’ என்பதை இரண்டு சொல்லாக எண்ணி, அதன்மேல் புள்ளியியல் கட்டுவார்கள். கோப்புகளைச் சேர்ப்பதற்குமுன் ஒரே வடிவுக்கு நெறிப்படுத்தும் சிறு நிரலைக் கிட்டிலேயே பொருத்திவைக்கலாம். கோப்புக்குத் தமிழில் பெயரிட்டால் கிட் அதை எண்குவியலாகக் காட்டுவதைக் கண்டு, தமிழ் இதற்கு ஒத்துவராது என்று ஓடியவர்கள் உண்டு. கோட்பாத் என்ற ஒரே ஓர் அமைப்பை அணைத்துவிட்டால் தமிழ்ப்பெயர் தமிழாகவே தெரியும். டெக்னோபார்க்குப் பொறியாளருக்கு இந்தச் சிக்கல்கள் எதிர்ப்படுவதே அரிது. அவர் வந்து தீர்த்துத் தருவார் என்று காத்திருப்பது வீண்.

கற்க வேண்டியது எவ்வளவு என்று கேட்டால் அஞ்சும்படி ஏதுமில்லை. எஸ்எஸ்எச் சாவி வைத்துத் தொலைவிலுள்ள சர்வரில் நுழைவது. அனைத்ததிகாரக் கணக்கில் அன்றாட வேலை செய்யாதிருப்பது. டிஎஃப் கட்டளையால் வட்டில் எவ்வளவு இடம் மிச்சம் என்று பார்ப்பது. பதிவுக்கோப்பைப் படித்துச் சர்வர் ஏன் நின்றது என்று அறிவது. பாதுகாப்புத் திருத்தங்களை நிறுவுவது. கிரானில் நேரம் குறித்து நகலெடுப்பது. லெட்ஸ் என்கிரிப்ட் தரும் இலவசச் சான்றிதழ் 90 நாளுக்குரியது. காலாவதியை நினைவூட்டும் மின்னஞ்சலை அவர்கள் 2025 ஜூனில் நிறுத்திவிட்டார்கள். தானாகப் புதுப்பிக்கும் ஏற்பாட்டைச் செய்து, அது நடக்கிறதா என்று பார்த்துக்கொள்ளத் தெரிந்தாக வேண்டும். கிட்டில் பத்துக் கட்டளை. வேர்டுக் கோப்பைக் கிட்டில் போட்டால் வரிக்கு வரி ஒப்பிட முடியாது. ஆகவே எழுத்துப்பெயர்ப்பையும் சொற்பட்டியலையும் வெற்றுரைக் கோப்பில் வைக்கும் பழக்கம். பெரிய ஒலிக்கோப்புகள் கிட்டுக்கு உரியவை அல்ல, அவற்றுக்குத் தனி நகல் என்ற தெளிவு. எல்லாவற்றுக்கும் மேலாக, நகலிலிருந்து மீட்டுப் பார்ப்பது. மீட்டுப் பாராத நகல் இருக்கிறதென்று எண்ணிக்கொண்டிருந்ததுதான் கிட்லேப் கண்ட கேடு.

பல்கலைக்கழக மானியக் குழு, முனைவர் பட்ட ஆய்வாளர் அனைவர்க்கும் ஆய்வு மற்றும் வெளியீட்டு அறம் என்ற தாளைக் கட்டாயமாக்கியிருக்கிறது: 2 கிரெடிட், 30 மணி நேரம், ஆறு அலகுகள். கருத்துத்திருட்டு, போலி இதழ்கள், மேற்கோள் அளவைகள் எல்லாம் உண்டு. தரவைப் புனையாதே என்று கற்பிக்கிறது. புனையவில்லை என்று நிறுவுவதற்கான வழியைக் கற்பிக்கத் தனி அலகு இல்லை. திருத்த வரலாறு அத்தகைய வழி. கிட்டில் பழைய பதிவு ஒன்றில் ஓர் எழுத்தை மாற்றினாலும் அதற்குப் பின்வரும் அடையாள எண்கள் அனைத்தும் மாறிவிடும். நெறியாளரிடம் ஒரு படி இருந்தால் போதும், களவு வெளிப்பட்டுவிடும். ஒற்றுமைச் சதவீதம் காட்டும் மென்பொருளுக்குப் பல்கலைக்கழகங்கள் ஆண்டுதோறும் பணம் செலுத்துகின்றன. இதற்குக் கட்டணம் ஏதுமில்லை.

ஆகவே அந்த 30 மணி நேரத்தில் எட்டு மணி நேரத்தை இதற்கு ஒதுக்கட்டும். மொழியியல், தமிழ்த் துறைகளாவது இதை முதற்பருவத்திலேயே வைக்கட்டும். ஆய்வேட்டோடு தரவுக் களஞ்சியத்தின் முகவரியையும் கேட்கட்டும். பேசியவரின் தனியுரிமை காக்கப்பட வேண்டிய இடத்தில் களஞ்சியம் பூட்டியிருக்கலாம், தேர்வாளருக்குத் திறந்தால் போதும். திட்ட முன்மொழிவில், நிதி தீர்ந்தபின் சர்வரை யார் பேணுவார் என்ற கேள்விக்கு ஒரு பெயர் எழுதாமல் நிதி வழங்காதிருக்கட்டும்.

பாடம் நடத்த ஆளுக்கு எங்கே போவது என்று எந்தத் துறைத்தலைவரேனும் கேட்டால், அவர் காரியவட்டத்தில் இறங்காமல் பேருந்தில் இன்னும் சில நிமிடம் உட்கார்ந்திருக்கலாம். அதுவும் வேண்டாமென்றால், கேரள அரசு 2011இல் நிறுவிய கட்டற்ற மென்பொருள் மையமான ஐசிஃபாஸ் காரியவட்டத்திலேயே, விளையாட்டரங்கில் இருக்கிறது.